வானொலி வாய் மூடிய நேரம்

அந்தக் கட்டட வேலையில் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர். கிரேன் ஓட்டுபவர். காலையில் இரும்பு ஏணியில் ஏறி உச்சிக் கேபினுக்குப் போனால் சாயங்காலம்தான் தரைக்கு வருவார். சாப்பாடு, தண்ணீர், கொட்டாவி எல்லாம் அங்கேயேதான். கீழே கம்பி கட்டுகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "மேல்வீட்ல காத்து வருதாண்ணே?" என்று கேட்பார்கள். அவர் ஒரு கையை மட்டும் ஆட்டுவார். இறங்கி வந்து பதில் சொல்லவா முடியும்?

அவருக்குத் தரையில் ஒரு ஜோடிக் கண் இருந்தது. மனைவியின் தம்பி. சிக்னல்மேன். வாக்கி-டாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சுமையை எங்கே தூக்க வேண்டும், எவ்வளவு இறக்க வேண்டும் என்று மேலே இருக்கும் மாமாவுக்குச் சொல்வது அவன் வேலை. அவனுக்கு வானொலி என்று பெயர் வைத்தவர்கள் ரொம்ப யோசித்திருக்க மாட்டார்கள். தூங்கும்போது மட்டும்தான் வாய் ஓயும். அதுவும் சந்தேகம் என்று அவன் அக்காவே சொல்வாள்.

ஆனால் அந்த வாய்தான் அவனுடைய தகுதி. கட்டடத்துக்குப் பின்பக்கம் சுமையை இறக்கும்போது கேபினிலிருந்து எதுவும் தெரியாது. கம்பிவடம் சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும். அப்போது வானொலி, "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் வரும்வரை இவர் இறக்கிக்கொண்டே இருப்பார். குரல் நின்றால் கை நிற்க வேண்டும். 'நிறுத்து' என்று ஒருவன் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதெல்லாம் அந்தத் தொழிலில் கிடையாது. கீழே இருப்பவன் தடுக்கி விழுந்திருக்கலாம், வாக்கி-டாக்கி செத்துப்போயிருக்கலாம். சத்தம் இல்லையென்றால் நில். அவ்வளவுதான் சட்டம். மேல்வீட்டுக்காரர் ஒரு நாளும் அதை மீறியதில்லை.

தொழிலில் இவ்வளவு ஒழுங்காக இருந்த மனிதர் கடவுளிடம்தான் தப்புக் கணக்குப் போட்டார்.

ஒரு மாதத்துக்கு முன்னால், விடியற்காலையில் படுக்கையில் புரண்டு படுத்தார். அறை ஒரு சுற்று சுற்றி வந்தது. மின்விசிறிதான் சுற்ற வேண்டும். அன்றைக்கு மின்விசிறி மாட்டியிருந்த கூரையும் சேர்ந்து சுற்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பித்தம் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் கேபினில், காலடியில் இருக்கும் கண்ணாடித் தரை வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மறுபடி வந்தது. நல்லவேளை, கொக்கியில் சுமை எதுவும் இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கீழே இறக்கிவிடுவார்கள். இதற்கு முன்னால் இதே கிரேனை ஓட்டியவர் நெஞ்சுவலி என்று இறங்கியவர்தான். இப்போது வாசலில் உட்கார்ந்து லாரிகளுக்குக் கதவு திறக்கிறார். மேல்வீட்டுக்காரர் அந்தக் கதவைப் பார்க்காமலே தாண்டிப் போவார். அவருக்குத் தெரிந்தது ஒரே வேலை. பிடித்ததும் அது ஒன்றுதான்.

ஆகவே அவர் ஆண்டவனோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்.

பக்தியில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏறுவதற்கு முன் ஏணியின் முதல் படியில் கை வைத்து, கண்ணை மூடி வேண்டிக்கொள்வது வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் உள்ள பழக்கம். முன்பெல்லாம், "எல்லாரையும் பத்திரமா வீட்டுக்கு அனுப்பு" என்பதோடு பிரார்த்தனை முடிந்துவிடும். இப்போது கூடவே ஒரு வரி சேர்ந்தது.

"ஆண்டவா, நான் ஏறக் கூடாதுன்னா ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொல்லலைன்னா ஏறிடறேன்."

சொல்லிவிட்டுக் காத்திருப்பார். கலவை இயந்திரம் கடகடக்கும். எங்கோ யாரோ யாரையோ திட்டுவார்கள். வேறு சத்தம் இருக்காது. 'சரி, உத்தரவு கிடைத்துவிட்டது' என்று ஏறிவிடுவார்.

இத்தனைக்கும், ஏணிக்கு வருவதற்கு முன்பே தினமும் ஒருவர் அவரிடம் நேருக்கு நேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாதுகாப்பு அதிகாரி. கறாரான அம்மா. தலையில் ஹெல்மெட் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஹெல்மெட் அம்மா. காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், "உடம்பு எப்படி?" என்பார்.

"நல்லா இருக்கேன்மா."

"தூக்கம்?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"போங்க."

இப்படியே போய்க்கொண்டிருந்தது, அந்தப் படிக்கட்டு வரும்வரை.

கான்கிரீட்டில் வார்த்த படிக்கட்டுத் துண்டு. யானைக்குட்டி கனம் இருக்கும். அதைத் தூக்கி, கட்டடத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், பின்னால் படிக்கட்டுக்காகத் திறந்து விட்டிருந்த கூட்டுக்குள் இறக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். சுமை சுவரைத் தாண்டியது. கம்பிவடம் மறைந்தது. வானொலி ஆரம்பித்தான்.

"இறக்கு மாமா, இறக்கு, இறக்கு, இறக்கு... அப்படித்தான், நம்ம வீட்டு மாடிப்படி மாதிரி நெனச்சுக்கோங்க, இறக்கு, இறக்கு, அக்கா ஊறுகா ஜாடிய எறக்குற மாதிரி, இறக்கு..."

"வேலைய மட்டும் பேசு மாப்ளே."

"பேசிக்கிட்டேதானே இருக்கேன். இறக்கு, இறக்கு, மெதுவா இறக்கு, இற..."

அவ்வளவுதான். சத்தம் இல்லை.

மேல்வீட்டுக்காரரின் கை தானாக லீவரை விட்டது. யோசிக்கவே இல்லை. லீவர் நடுவுக்கு வந்தது, கிரேன் நின்றது, சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு அந்தரத்தில் நின்றது.

"மாப்ளே?"

பதில் இல்லை. என்ன ஆச்சு என்று குனிந்து, காலடிக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. நிமிர்ந்தார்.

உலகம் கழன்றுகொண்டது.

கேபின் ஒரு பக்கம் சாய்ந்தது. வானம் இன்னொரு பக்கம் ஓடியது. இந்த முறை முன்பு வந்ததைவிட மோசம். லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இருக்கையின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள்ளும் சுற்றியது. காதில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெல்ல மெல்ல, கிணற்றில் விட்ட வாளி தண்ணீரில் அமர்வதுபோல, எல்லாம் நிலைக்கு வந்தது.

முதலில் லீவரைப் பார்த்தார். நடுவில் இருந்தது. கம்பிவடத்தில் கண்ணுக்குத் தெரிந்த பகுதியைப் பார்த்தார். ஆடாமல் அசையாமல் நின்றது.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மா... மாமா. சாரி மாமா. விக்கல்."

"என்ன?"

"விக்கல் மாமா. திடீர்னு வந்துடுச்சு. 'இறக்கு'ன்னு சொல்ல வந்தேன், பாதியில வெட்டி 'இற'ன்னு நிக்குது. அக்கா புருஷனப் பார்த்து நடு மத்தியானத்துல 'இற, இற'ன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் வாய மூடிக்கிட்டேன். தண்ணி குடிச்சுட்டேன், இப்ப சரியாயிடுச்சு. கீழ எல்லாம் ரெடி. இறக்கலாமா?"

வேறு நாளாக இருந்தால் மேல்வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இப்போது உடம்பெல்லாம் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அந்த விக்கல் வராமல், அவன் பாட்டுக்கு 'இறக்கு, இறக்கு' என்று சொல்லிக்கொண்டே போயிருந்தால்? லீவர் கையில் இருக்கும்போதே உலகம் கழன்றிருந்தால்? கூட்டுக்குள்ளே படிக்கட்டைப் பிடித்து உட்கார வைக்கக் காத்திருந்த ஆட்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"மாமா? இறக்கலாமான்னு கேட்டேன்."

தலை தெளிந்துவிட்டது. லீவர் கையருகிலேயே இருந்தது. இன்னும் ஓர் ஆள் உயரம்தான். சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பழக்க தோஷத்தில் உதடு அசைந்தது. "ஆண்டவா, இப்ப வேண்டாம்னா ஒரு வார்த்தை..."

பாதியில் நின்றுவிட்டார்.

ஒரு மச்சினன் குரல் நின்றதும் அந்த நொடியே நின்ற கை இது. அவன் ஏன் பேசவில்லை, எப்போது பேசுவான் என்று கேட்கவில்லை, நின்றது. அதே கைதான் தினமும் காலையில், ஆண்டவன் ஒன்றுமே சொல்லாதபோது, ஏணியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லையென்றால் நில் என்பதைத் தொழிலாகவே செய்கிறவனுக்கு, அந்த ஓர் இடத்தில் மட்டும் சத்தம் இல்லையென்றால் போ என்று யார் கற்றுக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. அவரே சொல்லிக்கொண்டது.

"மாப்ளே, நான் சொல்றதக் கேளு. கூட்டுக்குள்ள இருக்கிற எல்லாரையும் வெளிய வரச் சொல்லு. ஒருத்தர்கூட சுமைக்குக் கீழ இருக்கக் கூடாது."

"ஏன் மாமா, கிரேன்ல ஏதாவது..."

"கிரேன் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தலை சுத்துது. இன்னிக்கு மட்டும் இல்ல, ஒரு மாசமா. ஹெல்மெட் அம்மாகிட்ட சொல்லு. மாத்து ஆள மேல அனுப்பச் சொல்லு. நான் இனிமே லீவரத் தொட மாட்டேன்."

இந்த முறை வானொலிக்கு விக்கல் இல்லை. ஆனாலும் சத்தம் வரவில்லை.

சொல்லி முடித்ததும், நெஞ்சுக்குள் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த கல்லை யாரோ கொக்கி போட்டுத் தூக்கியதுபோல் இருந்தது. வாசல் கதவு கண் முன்னால் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார்.

மாற்று ஓட்டுநர் ஏறி வந்தார். வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தார். சாப்பாட்டுப் பாதியில் எழுப்பியிருக்கிறார்கள். "முன்னாடியே சொல்றதுக்கென்னண்ணே" என்றார், அவ்வளவுதான். லீவரை அவர் எடுத்துக்கொண்டார். படிக்கட்டு அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

அடுத்த பாடு, மேல்வீட்டுக்காரரை இறக்குவது. மாற்று ஓட்டுநரோடு ஏறி வந்த ஆள் ஒருவர் அவருடைய இடுப்புப் பெல்ட்டைக் கயிற்றில் மாட்டினார். குனிந்து படியைப் பார்த்தால் மறுபடி சுற்றும். பார்க்காமல் எப்படி இறங்குவது? வாக்கி-டாக்கியை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டார்.

"மாப்ளே, நான் கீழ பார்க்க மாட்டேன். நேரா ஏணியத்தான் பார்ப்பேன். நீ சொல்லு."

"இடது கால் இறக்குங்க. இன்னும். இன்னும். ஆங், வெச்சாச்சு. வலது கால். இறக்கு, இறக்கு..."

"குரல் நடுங்குது உனக்கு."

"நீங்க பேசாதீங்க. நான் பேசறேன். இடது கால். அக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும். இறக்கு. வலது கால்..."

அவன் குரல் நின்ற இடத்தில் எல்லாம் அவர் நின்றார். வந்த இடத்தில் எல்லாம் இறங்கினார். பாதி வழியில் ஒரு மேடை உண்டு. அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது, இத்தனை வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக இந்த ஏணியில் இறங்கியதே இல்லை என்று தோன்றியது. விசித்திரம்தான். கால் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது.

தரையில் கால் பட்டதும் வானொலி அவரைக் கட்டிப்பிடித்தான். அந்தப் பிடியில் வாக்கி-டாக்கி நசுங்கி ஊளையிட்டது. ஹெல்மெட் அம்மா அதை வாங்கி அணைத்துவிட்டு, மேல்வீட்டுக்காரரை நிழலில் உட்காரவைத்தார்.

"ஒரு மாசமா?"

"ஆமாம்மா."

"தினமும் கேட்டேனே."

"ஆமாம்மா."

"தினமும் பொய் சொன்னீங்க."

"ஆமாம்மா."

அந்த அம்மா ஹெல்மெட்டைக் கழற்றினார். முதல் தடவையாக. தலைமுடி நரைத்திருந்தது. "இத வேற யாராவது வந்து சொல்லி எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்கள வெளிய அனுப்பியிருப்பேன். நீங்களே சொன்னதால ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். போய்ட்டு வாங்க. மிச்சத்த அப்புறம் பேசலாம். நல்லா திட்டணும் உங்கள, இப்ப வேண்டாம், தலை சுத்தும்."

ஆஸ்பத்திரிக்கு மனைவியும் வந்து சேர்ந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. டாக்டர் இளைஞர். மேல்வீட்டுக்காரரைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார். சுற்றியது. டாக்டர் அவர் கண்களை உற்றுப் பார்த்துவிட்டு, தொலைந்த சாவி கிடைத்தவர்போல் தலையாட்டினார்.

"கல்லு."

"கிட்னியிலா?" என்றாள் மனைவி.

"காதுலம்மா. எல்லார் காதுக்குள்ளயும் பொடிப்பொடியா கல்லு இருக்கு. அததுக்கு உண்டான இடத்துல இருந்தா தொந்தரவு இல்ல. இவரோடது வழி தவறி பக்கத்து வாய்க்காலுக்குள்ள போயிடுச்சு. இவர் குனிஞ்சு நிமிரும்போது அது உருளுது, தலை சுத்துது."

மேல்வீட்டுக்காரர் காதைத் தடவிக்கொண்டார். "அது திரும்ப அதோட இடத்துக்குப் போகுமா டாக்டர்?"

"வந்த வழியிலயே கூட்டிட்டுப் போயிடலாம். தலைய நான் திருப்பற பக்கம் விடணும். நான் சொல்றப்ப மட்டும் அசையணும், சொல்லாதப்ப அப்படியே இருக்கணும். முடியுமா?"

"எனக்கு அது பழக்கம்தான் டாக்டர்" என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

தலையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, உடம்பைப் புரட்டி, கடைசியில் நேராக உட்காரவைத்தார் டாக்டர். நடுவில் ஒரு தடவை பயங்கரமாகச் சுற்றியது. பிறகு நின்றுவிட்டது. சில வாரம் உயரம் ஏறக் கூடாது, மறுபடி வந்து காட்ட வேண்டும், சரியாக இருந்தால் ஏறலாம் என்று சொன்னார்.

'ஏறலாம்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு மேல்வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. காதில் வலிக்கிறதோ என்று டாக்டர் பதறிப்போனார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஏணிப்படி பிரார்த்தனை உட்பட. அவள் கடைசிவரை கேட்டாள்.

"அவர்கிட்ட கேட்டீங்க. சரி. பக்கத்துல படுத்திருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உனக்குத் தெரியாதேன்னு..."

"பல்லு வெளக்கறப்ப ஒரு கையால சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கறவருக்கு என்னவோ இருக்குன்னு எதிர்வீட்டுப் பூனைக்கும் தெரியும். எத்தன தடவ கேட்டேன்? 'ஒண்ணுமில்ல'ன்னீங்க. அப்புறம் நானும் அவர்கிட்டயே போயிட்டேன்."

"என்ன வேண்டிக்கிட்ட?"

"இந்த மனுஷன் வாயத் திறந்து உண்மையச் சொல்லணும்னு."

பஸ் ஒரு திருப்பத்தில் திரும்பியது. அவர் தலை சுற்றவில்லை. அதைக் கவனித்து, ஒரு கணம் அப்படியே ரசித்தார்.

"நீ என் வாயத் திறக்கச் சொன்ன. அவர் உன் தம்பி வாயை மூடியிருக்காரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "பெரிய வேலைதான் பண்ணியிருக்காரு" என்றாள். "நாங்க அவன் பொறந்ததுலேர்ந்து முயற்சி பண்றோம்."

அந்தச் சில வாரமும் மேல்வீட்டுக்காரர் கீழ்வீட்டில் இருந்தார். வானொலிக்குப் பக்கத்தில் நின்று சுமைகளுக்குக் கயிறு பிடித்தார். ஹெல்மெட் அம்மா சொன்னபடியே ஒரு நாள் நிதானமாக உட்காரவைத்துத் திட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா" என்றார். வாசலில் கதவு திறக்கும் பழைய ஓட்டுநரோடு தேநீர் குடித்தார். அந்த மனிதர் ஒன்றும் சோகமாக இல்லை. மதியத்தில் நன்றாகத் தூங்குகிறார் என்பது தெரிந்தது.

காலையில் ஏணிக்குப் பக்கத்தில் நிற்பதை மட்டும் விடவில்லை. ஏறப்போவதில்லை, ஆனாலும் படியில் கை வைத்து வேண்டிக்கொள்வார். நிபந்தனை எதுவும் போடவில்லை. "நீ போன்னா போறேன். சொல்ற வரைக்கும் இங்கேயே நிக்கறேன்" என்பதோடு சரி. நிற்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

டாக்டர் மறுபடி பார்த்தார். குனியவைத்து, நிமிரவைத்து, சாய்த்து, புரட்டிப் பார்த்தார். கல் இடத்தில் இருந்தது. "ஏறுங்க" என்றார்.

திரும்ப வேலைக்கு ஏறும் நாள். வாசலில் வரிசை நின்றது. ஹெல்மெட் அம்மா அவரைப் பார்த்ததும் வழக்கம்போலவே கேட்டார்.

"உடம்பு எப்படி?"

"தலை சுத்தல் இல்லம்மா. ராத்திரி புரண்டு படுத்தேன், ஒண்ணும் ஆகல. வலது முட்டியில மட்டும் கொஞ்சம் பிடிப்பு, காலையில எழுந்ததும் இருந்துச்சு, நடந்ததும் போயிடுச்சு. பசி நல்லா இருக்கு. நடுவுல ஒரு தடவ முழிச்சேன், கனவு. கனவுல நீங்க வந்தீங்க, ஹெல்மெட் இல்லாம..."

"போதும் போதும். ஏறுங்க."

"தூக்கம் பத்தி இன்னும் கேக்கலையேம்மா."

பின்னால் நின்றவர்கள், "மேல்வீட்டுக்காரரே, உங்க வீட்டுக்கு நீங்க போங்க, நாங்க எங்க வேலைக்குப் போறோம்" என்று சத்தம் போட்டார்கள். அவர் ஏணியடிக்குப் போய், முதல் படியில் கை வைத்துக் கண்ணை மூடினார். டாக்டர் சொன்ன 'ஏறுங்க', ஹெல்மெட் அம்மா சொன்ன 'ஏறுங்க', இரண்டும் காதில் இருந்தன. பிறகு ஏறினார்.

மேலே போய் உட்கார்ந்து வாக்கி-டாக்கியைத் திருகினார்.

"மாப்ளே, இருக்கியா?"

"இருக்கேன் மாமா. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுட்டுத்தான் நிக்கறேன்."

"விக்கல் வந்தா?"

"வந்தா வாய மூடிக்குவேன்."

"மூடிக்கோ. நான் நிப்பேன்."

"சரி, ஏத்து மாமா. ஏத்து, ஏத்து, ஏத்து..."

அவர் ஏற்றினார்.